கை மாறும் பிள்ளை

அன்புள்ள அண்ணா,

வணக்கம். உங்கள் சாய ஆலைக் குறிப்புகளை ஆரம்பத்திலிருந்து வாசிக்கிறவன். எழுதுவது இதுதான் முதல் தடவை.

எனக்கு 46 வயது. சொந்த ஊர் லால்குடி பக்கம். மொரிசியஸ் வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. எபேனில் கணக்குப் பார்க்கும் வேலை, குடியிருப்பது கத்ர்போர்னில். மனைவிக்கு 39. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் கழித்து, வருகிற பிப்ரவரியில் முதல் குழந்தை. சந்தோஷம்தான். ஆனால் ராத்திரி தூக்கம் வருவதில்லை அண்ணா. பிள்ளைக்கு 20 ஆகும்போது எனக்கு 66. காலேஜ் பீஸ் கட்ட வேண்டிய நேரத்தில் நான் மாத்திரை எண்ணிக்கொண்டிருப்பேன். வயதான அப்பாவுக்குப் பிறக்கும் பிள்ளைகளைப் பற்றி நெட்டில் படிக்கப் படிக்கப் பயம் கூடுகிறது. ஸ்கேன் எடுக்கப் போன இடத்தில் ஒரு பெண்மணி, "உங்கள் மகளுக்கு இது எத்தனையாவது மாசம்?" என்று பிரெஞ்சில் கேட்டார். மனைவி சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அம்மா தவறிவிட்டார். மாமியாருக்கு முட்டி ஆபரேஷன், வர முடியாது. இங்கே எங்களுக்கென்று யாரும் இல்லை. நாங்கள் இரண்டு பேருமே பார்த்துக்கொள்வது என்று முடிவு செய்து, பட்டியல் போட்டு எல்லாம் வாங்கி வைத்து வருகிறேன். முதல் மூன்று மாதம் யாரையும் வீட்டுக்குள் விடுவதாக இல்லை. வீட்டில் தமிழ் மட்டும்தான், இந்தத் தீவின் பேச்சுமொழியான க்ரெயோல் காதிலேயே விழக் கூடாது என்றும் தீர்மானம்.

நீங்களும் பிந்தி அப்பா ஆனவர் என்று ஒரு குறிப்பில் எழுதியிருந்தீர்கள். இந்த வயதில், சொந்தபந்தம் இல்லாத தீவில், ஒரு பிள்ளையைப் பெற்றுக்கொள்வது சுயநலமா? உங்களுக்கு அந்த எண்ணம் வந்ததுண்டா?

அன்புடன்,
ம.

*

அன்புள்ள ம.,

முதலில் வாழ்த்து. "சந்தோஷம்தான். ஆனால்" என்று ஒரே மூச்சில் தாண்டிவிட்டீர்களே, பன்னிரண்டு வருஷம் காத்திருந்த சங்கதிக்கு அவ்வளவுதானா? கணக்கர் புத்தி.

அந்தக் கணக்கை நானும் போட்டவன். 2014 மே மாதம் மகள் பிறந்தபோது எனக்கு 47. ஆலையில் ஒரு பேட்ச் கார்டின் பின்பக்கம் எழுதினேன்: ஸ்கூலில் சேரும்போது 52, பெரியவளாகும்போது 60, கல்யாணம் என்று வந்தால் 72 அல்லது 73. அந்த அட்டையை ரொம்ப நாள் சட்டைப் பையில் வைத்திருந்தேன். நான் பிறந்தபோது என் அப்பாவுக்கு 24 வயது. அவர் உட்கார்ந்து கணக்குப் போட்டிருந்தால் எல்லாம் கச்சிதமாக வந்திருக்கும். 41 வயதில், திருப்பூர் பஸ் ஸ்டாண்டில் பஸ்ஸுக்கு நின்றவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எனக்கு 17. இரண்டு தங்கைகளைக் கட்டிக்கொடுத்து, வீட்டுக் கடனை அடைத்து, 1999-ல் இங்கே டையிங் வேலைக்கு வந்து, ஒருவழியாக நான் தாலி கட்டியபோது எனக்கும் 41. ஆகவே உங்கள் 66-ஐப் பார்த்து எனக்குக் கலக்கம் வரவில்லை, மன்னிக்கவும்.

நெட்டில் படித்தீர்களே, அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. 2012-ல் ஐஸ்லாந்துக் குடும்பங்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று உண்டு. அப்பாவின் வயது ஒரு வருஷம் கூடினால் பிள்ளைக்குப் போகும் புதிய மரபணு மாற்றங்கள் சராசரியாக இரண்டு கூடுகின்றன என்று அது சொன்னது. பயமாகத்தான் கேட்கிறது. ஆனால் அந்தப் புத்தகத்தில் மொத்தம் சுமார் முந்நூறு கோடி எழுத்து, அதில் வருஷத்துக்கு இரண்டு எழுத்துப்பிழை. பெரும்பாலானவை எதுவும் செய்யாமல் கிடப்பவை. சில கோளாறுகளின் வாய்ப்பு கூடத்தான் செய்கிறது, கூடிய பிறகும் அது சிறியதுதான். அம்மாவின் வயதைப் பற்றி டாக்டரே சொல்லியிருப்பார்: டவுன் சிண்ட்ரோம் வாய்ப்பு 35 வயதில் ஏறத்தாழ 350-க்கு ஒன்று, 40-ல் 100-க்கு ஒன்று. சந்தேகம் இருந்தால் பகலில் டாக்டரிடம் கேளுங்கள். ராத்திரி ஒரு மணிக்குப் போனிடம் கேட்காதீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றை நான் கேட்கிறேன். உங்கள் ரத்தத்தைச் சோதித்தீர்களா? இந்தத் தீவில் பெரியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை. ஆறாவது மாதம் மனைவிக்குச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துச் சோதித்தபோது, துணைக்குப் போன நானும் சும்மா கையை நீட்டினேன். அவளுக்கு ஒன்றுமில்லை. எனக்கு வெறும் வயிற்றில் 190. அன்று மாலையிலிருந்து நடக்கிறேன், மலைக்கோவில் ரோட்டில், இன்றுவரை. பிள்ளைக்காக நீங்கள் வாங்கும் சாமான் பட்டியலில் இதை முதலில் எழுதுங்கள்.

சுயநலமா என்று கேட்கிறீர்கள். எந்த வயதில் பிள்ளை பெற்றாலும் அதில் சுயநலம் இருக்கிறது. 24-ல் பெற்றவனிடம் யாரும் கேட்பதில்லை. அந்தக் கேள்வியை அதற்கு மேல் கிண்ட எனக்கு விருப்பமில்லை. உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது வேறொரு வரி. மூன்று மாதம் யாரையும் வீட்டுக்குள் விடுவதாக இல்லை என்கிறீர்களே, அது. அதே முடிவை எடுத்தவன் நான். என்ன ஆயிற்று என்று சொல்கிறேன்.

சாயப் பிரிவில் வருஷக்கணக்காக நின்றவனுக்கு ஒரு வியாதி வரும். சூடு இரண்டு டிகிரி தப்பினால் ஷேடு மாறும். உப்பு எவ்வளவு, சோடா எந்த நிமிஷத்தில், எவ்வளவு நேரம் ஓட வேண்டும், எல்லாம் கார்டில் ஏற வேண்டும். பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே ஒரு நீள நோட்டு வாங்கிக் கோடு போட்டேன். "காலை 4.10, பால், 12 நிமிஷம். 4.40, ஈரம். 5.05, அழுகை, காரணம் தெரியவில்லை." இப்படிப் பக்கம் பக்கமாக. தெர்மாமீட்டர் இரண்டு, ஒன்று பொய் சொன்னால் இன்னொன்று. ஊரில் அம்மா விடிகாலை ஐந்தரைக்குப் போன் போடுவார், இங்கே அப்போது மணி நாலு. நோட்டைப் பார்த்து அவருக்கு ரிப்போர்ட் வாசிப்பேன். "இது குழந்தைங்க, துணி இல்லை" என்றாள் மனைவி ஒருநாள். அதை நகைச்சுவையாக எடுத்துக்கொண்டேன்.

எதிர் வீட்டில் ஒரு கிழவி. தெருவே அவரை தாந்தின் என்று கூப்பிடும், நாங்களும் அப்படியே. பாட்டனுக்குப் பாட்டன் காலத்தில் கப்பலேறி வந்த தமிழ்க் குடும்பம். நெற்றியில் எப்போதும் திருநீறு, வாயில் எப்போதும் க்ரெயோல். பிள்ளை வந்த நாலாம் நாள் ஒரு தூக்குச்சட்டியில் ப்ரெட் முரும் பூயோன் கொண்டுவந்தார். நம் முருங்கைக்கீரைச் சாறுதான், பூண்டு தட்டிப் போட்டது. கேட்டிலேயே வாங்கிக்கொண்டு, நன்றி சொல்லி, உள்ளே போய் சிங்க்கில் ஊற்றினேன். கிருமி. ஏழாம் நாளும் கொண்டுவந்தார். ஏழாம் நாளும் ஊற்றினேன்.

அந்த நோட்டு இன்னும் இருக்கிறது. பதினேழாம் நாள் பக்கத்தில் "இரவு 2.20, அழுகை, 40 நிமிஷம்" என்று எழுதியிருக்கிறேன். அழுதது பிள்ளையா, அவள் அம்மாவா என்று இப்போது எனக்கே தெரியவில்லை.

அந்தக் காலத்தில் அப்பாவுக்கு ஐந்து நாள் லீவுதான். (2024-லிருந்து சட்டப்படி நான்கு வாரம், விடாமல் எடுங்கள்.) நான் எப்போதோ ஷிப்டுக்குத் திரும்பிவிட்டேன். பத்தொன்பதாம் நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் கதவு விரியத் திறந்து கிடக்கிறது. நடு ஹாலில், தரையில், தாந்தின் இரண்டு காலையும் நீட்டி உட்கார்ந்திருக்கிறார். புடவையை முட்டிவரை சுருட்டியிருக்கிறார். கணுக்கால் மேல் பிள்ளை குப்புறக் கிடக்கிறாள், உடம்பெல்லாம் எண்ணெய். பக்கத்தில் ஆவி பறக்கும் வாளி. பின் கழுத்திலிருந்து இடுப்புவரை உள்ளங்கையால் ஒரே இழுப்பு, பிறகு ஒவ்வொரு விரலாக நீவுகிறார். என் அம்மாயி திருப்பூரில் என் தங்கைகளைக் குளிப்பாட்டியது அச்சாக அப்படியேதான். நூற்றைம்பது வருஷமாகத் தமிழ் பேசாத வீட்டில் அந்தக் கால் நீட்டல் மட்டும் எப்படித் தப்பிப் பிழைத்தது என்று எனக்கு இன்றும் ஆச்சரியம்.

"கழுத்து... கழுத்து..." என்றேன் ஷூவோடு நின்றுகொண்டு.

"லெஸ் லி" என்றார், தலையைத் தூக்காமல். விடு அவளை.

பிள்ளை அழவில்லை. உள்ளறையில் மனைவி வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள், பிரசவத்துக்குப் பிறகு முதல் தடவையாக மூன்று மணி நேரம். அவளேதான் கதவைத் திறந்து, தெருவைத் தாண்டிப் போய், கிழவியின் கையைப் பிடித்து அழைத்து வந்திருக்கிறாள். எனக்கு அது அவமானமாக இருந்தது. அப்புறம் அவமானம் போய், வயிறு பசித்தது. தாந்தினே சோறும் வைத்திருந்தார்.

ஊரில் பிள்ளை கை மாறிக்கொண்டே இருக்கும். கூட்டமான டவுன் பஸ்ஸில் ஏறியதும், உட்கார்ந்திருக்கும் முன்பின் தெரியாத ஒருத்தி மடியில் பிள்ளையைக் கொடுத்துவிட்டுக் கம்பியைப் பிடித்து நிற்கிற ஜனம் நாம். இங்கே அந்தக் கைகளெல்லாம் இல்லை என்பதால், இரண்டு பேரின் நான்கு கைகளால் சமாளித்துவிடலாம் என்று நினைத்தோம். அதிலும் ஒரு ஜோடிக்கு முட்டிவலி. பிந்தி வந்த அப்பாவுக்கு இன்னொரு கோணலும் உண்டு: இத்தனை வருஷம் கழித்துக் கிடைத்தது, ஒரு கீறல் விழக் கூடாது என்று நெஞ்சோடு இறுக்கிக்கொள்வான். பிள்ளைக்கு மூச்சு முட்டும். நீங்கள் பெற்றுக்கொள்வதைப் பற்றிக் கவலைப்படுகிறீர்கள். யார் கையில் கொடுப்பது என்று இப்போதே யோசிக்கத் தொடங்குங்கள்.

யாரும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கத்ர்போர்னிலா? தைப்பூசத்துக்குப் பத்து நாள் உங்கள் தெருவே கரேம் (விரதம்) இருந்து, காவடி தூக்கி மலையடிவாரக் கோவிலுக்கு நடக்கிறதே. அவர்களில் ஒருவரையாவது வீட்டுக்குக் கூப்பிட்டதுண்டா? எனக்கும் பதினைந்து வருஷம் ஆயிற்று, அதனால் குத்திக்காட்டவில்லை. நாம் இந்தியாவிலிருந்து வந்தவர்கள், தமிழ் பேசாத இவர்களை அரைத்தமிழர் என்று ஓரமாக நினைத்துக்கொள்கிறோம். அவர்களுக்கும் நம்மேல் ஒரு கூச்சம். மகளுக்குக் காது குத்தும்போது மடியில் உட்கார வைக்கத் தாய்மாமன் இல்லை. மனைவிக்குக் கூடப்பிறந்தவன் யாரும் கிடையாது. ஆலையில் என்னோடு வேலை பார்த்த பையன் ஒருவன், லேபில் ஷேடு பார்ப்பவன், "நான் உட்காரட்டுமா?" என்றான். தமிழ் பேச வராது. ஆனால் தேவாரத்தை பிரெஞ்சு எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு மனப்பாடமாகப் பாடுவான். மடியில் வைத்துக்கொண்டான், பிள்ளை வீறிட்டதும் அவனும் அழுதான். அன்றிலிருந்து வருஷப் பிறப்புக்கு வருஷப் பிறப்பு மாமன் சீராகப் பாவாடை வந்துவிடும். போன வருஷம் ஜீன்ஸ் வந்தது, மருமகள் கேட்டுவிட்டாளாம்.

தமிழ் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் தமிழிலேயே பேசுங்கள், விடாதீர்கள். ஆனால் க்ரெயோலுக்குக் கதவைச் சாத்தாதீர்கள், அது உங்கள் பிள்ளையின் தெரு. என் மகள் நாலு வயதில், "அப்பா, பிபாங்காய் வேண்டாம்" என்று தட்டைத் தள்ளினாள். திருத்தப் போனேன், பீர்க்கங்காய் என்று. அப்புறம்தான் உறைத்தது: அது நம் பீர்க்கங்காயேதான், க்ரெயோல் வாயில் உருண்டு உருண்டு அப்படி ஆகியிருக்கிறது. ரசம் ராசோன் ஆனதுபோல, முருங்கை முரும் ஆனதுபோல. யாரும் பள்ளிக்கூடம் வைத்துக் காப்பாற்றிய சொற்கள் இல்லை இவை, அடுப்பில் கிடந்தே பிழைத்தவை. அவள் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் தமிழ் என் புத்தக அலமாரியில் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். இருந்தது 25 ரூபாய் நோட்டில். கடை வாசலில் நின்று சத்தமாகப் படித்தாள். அந்த நோட்டில் தமிழ் இருக்கும் வரிசைக்காக 1998-ல் இங்கே ஒரு சண்டையே நடந்தது. இந்தியை முன்னால் போட்டு அச்சிட்டுவிட்டார்கள், தமிழர்கள் கொதித்தெழுந்து, மத்திய வங்கி அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்றது. கொதித்தவர்களில் எத்தனை பேருக்கு அதைப் படிக்கத் தெரியும் என்று அடுத்த வருஷம் ஊரிலிருந்து வந்த எங்களில் சிலர் கேலி பேசினோம். இன்று பேச மாட்டேன்.

காகித வேலைகள் கொஞ்சம். 45 நாளுக்குள் எத்தா சிவிலில் (பிறப்புப் பதிவு அலுவலகம்) பதிந்து ஆக்ட் (பிறப்புச் சான்றிதழ்) வாங்கிவிடுங்கள். அப்பா அம்மா இருவரில் ஒருவராவது இந்நாட்டுக் குடிமகனாக இருந்தால்தான் இங்கே பிறந்த பிள்ளைக்கு இந்தக் குடியுரிமை. ஆகவே உங்கள் பிள்ளை இந்தியக் குடிமகன், ஆனால் அதுவும் தானாக நடக்காது. ஒரு வருஷத்துக்குள் நம் ஹைகமிஷனில், வேறு நாட்டுப் பாஸ்போர்ட் இல்லை என்று எழுதிக்கொடுத்துப் பதிய வேண்டும். தள்ளிப்போட்டால் டெல்லிவரை அலைய வேண்டிவரும்.

பதியும்போது குடும்பப் பெயர் கேட்பார்கள். இந்த ஊரில் வீராசாமி, முத்துசாமி என்றெல்லாம் பெண்களுக்கும் பின்னால் ஒட்டியிருக்கிறதே, அது 1834-க்குப் பிறகு போர்ட் லூயிஸ் கரையில் இறங்கிய யாரோ ஒருவரின் ஒற்றைப் பெயர். குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியது, பேரன் பேத்தி எல்லோருக்கும் அதுவே ஆகிவிட்டது. என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் இருப்பது என் அப்பாவின் பெயர். அதையே மகளுக்கும் எழுதினார்கள். நான் யோசிக்கவே இல்லை. அவள் பள்ளிக்கூடம் சேர்ந்த வாரம், ஏதோ கொடுக்கப் போய் வராந்தாவில் நின்றேன். உள்ளே டீச்சர் ஆஜர் எடுக்கிறார், குடும்பப் பெயரை முதலில் வைத்து. கடலையே பார்க்காமல் திருப்பூர் பஸ் ஸ்டாண்டில் போனவர் பெயரை ஒரு க்ரெயோல் குரல் கூப்பிடுகிறது. "ப்ரெஸாங்" என்கிறது ஒரு கீச்சுக்குரல். கொடுக்கப் போன டிபன் பாக்ஸைக் கொடுக்காமலே திரும்பிவிட்டேன், அன்று அவள் பட்டினி. வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

தாத்தா என்று நினைப்பார்களே என்ற பயத்தையும் சொல்லியிருந்தீர்கள். நினைப்பார்கள். பள்ளிக்கூட வாசலில், கடற்கரையில், ஊசி போடும் இடத்தில், எல்லா இடத்திலும். ஏழு வயதில் என் மகள் ஒரு தோழியிடம் விளக்கம் சொன்னாள்: "லி மோ பாபா. லி ஜிஸ் வியே." அவர் என் அப்பாதான், வயசாயிடுச்சு, அவ்வளவுதான்.

இன்னொன்று, சொல்லக் கசப்பானது. உங்கள் இருவருக்கும் ஏதாவது ஆனால் பிள்ளை யாரிடம் போகும் என்று ஒரு நோத்தேரிடம் (நோட்டரி) உட்கார்ந்து எழுதிவையுங்கள். இதை நான் மூன்று வருஷம் தள்ளிப்போட்டேன். எழுதப் போனபோது தங்கை பெயரைத்தான் எழுதினேன், அவள் ஊரில் இருக்கிறாள். அவள் வந்து சேரும்வரை யார் என்று நோத்தேர் கேட்டார். மாமன் பெயரைச் சொன்னேன்.

பிப்ரவரி என்பதால் புயல் காலம். எட்டாவது மாதத்திலிருந்து பை தயாராக வாசலில் இருக்கட்டும். 2024 ஜனவரி 15, பெலால் புயல் அன்று, போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்கள் மிதந்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மூன்றாம் எச்சரிக்கைவரை காத்திராமல், இரண்டிலேயே ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் யார் வீட்டிலாவது போய் இருங்கள். யார் வீட்டில் என்று கேட்பீர்கள். எங்கள் வீடு ஆஸ்பத்திரியிலிருந்து பத்து நிமிஷம்.

தாந்தினுக்கு இப்போது 82. கால் நீட்டினால் மடக்க ஒரு ஆள் வேண்டும், ஆனாலும் குளிப்பாட்ட வருவதாகச் சொல்லிவிட்டார். உங்கள் கடிதத்தை அவருக்கு க்ரெயோலில் படித்துக் காட்டினேன். சுயநலம் பற்றிய இடத்தில் கொட்டாவி விட்டார். கடைசியில் ஒரே கேள்வி: அந்த வீட்டில் முருங்கை இருக்கிறதா? முருங்கையை ஒடித்து வளர்க்க வேண்டும், பிள்ளையை அடித்து வளர்க்க வேண்டும் என்று நம் ஊரில் சொல்வார்கள். பின்பாதிக்கு இங்கே 2020-ல் சட்டம் போட்டுத் தடை செய்துவிட்டார்கள், நல்லது. முன்பாதியை நான் செய்துவிட்டேன். கை தடிமனில் இரண்டு கொம்பு ஒடித்து, ஈரச் சாக்கில் சுற்றிக் கொல்லைப்பக்கம் வைத்திருக்கிறேன். இப்போது நட்டால் பிப்ரவரிக்குள் கீரை பறிக்கலாம். முகவரியைத் தனியே அனுப்பியிருக்கிறேன். சனிக்கிழமை மத்தியானம் வாருங்கள், சாப்பாட்டுக்கே வாருங்கள், மனைவியையும் கூட்டிக்கொண்டு. தரையில் உட்காரச் சொல்ல மாட்டோம்.